தீவன மக்காச்சோளத்தில் களை: கையா, கருவியா, மருந்தா?

தீவன மக்காச்சோளம் விதைக்கும் பலருக்குக் களையின் நினைவு வருவது விதைத்து இருபது நாள் ஆன பிறகுதான். அதற்குள் சாரணை தரையை மூடியிருக்கும். கோரை பயிரோடு போட்டி போட்டு நிமிர்ந்திருக்கும். மருந்துக் கடைக்குப் போய், "மக்காச்சோளத்துக்கு நல்ல களைமருந்தாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்பார்கள். கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இருபதாம் நாளில் எந்த முறை கைகொடுக்கும் என்பது விதைத்த அன்றே பெருமளவு முடிவாகிவிடுகிறது. விதையை வீசித் தெளித்தவருக்குக் கருவி ஓட்ட வழியில்லை. தட்டைப்பயறு கலந்து விதைத்தவருக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி ஆகாது. முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை போட்டவர் பவர் வீடர் என்ற களையெடுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தால் களையோடு பயிரும் போகும். ஆகவே கைக்களை, கருவி, களைக்கொல்லி, ஊடுபயிர் ஆகியவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. ஒவ்வொன்றும் வயலிடம் எதை எதிர்பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு, விதைக்கும் முன்பே ஒன்றைத் தேர்ந்துகொள்வதுதான் வழி.

தானியப் பயிரும் தீவனப் பயிரும் ஒன்றல்ல

மக்காச்சோளக் களை பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி தானியத்துக்காகச் சொல்லப்பட்டது. அதை அப்படியே தீவன வயலில் பின்பற்றினால் சிக்கல் வரும்.

தானியத்துக்கு விதைக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்குப் பரவலான இடைவெளி 60 × 25 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு செடிகள் நிற்கும். ஆப்பிரிக்கன் டால் போன்ற தீவன ரகத்தை ஹெக்டேருக்கு 40 கிலோ விதை வீதம் 30 × 15 சென்டிமீட்டரில் விதைத்தால் அதே இடத்தில் இருபத்திரண்டு செடிகள் நிற்கும். மூன்று மடங்குக்கும் மேல். இத்தனை நெருக்கமான பயிர் ஐந்தாவது வாரத்திலேயே தரையில் வெயில் படாமல் மூடிவிடும். அதன்பின் முளைக்கும் களை பெரும்பாலும் நோஞ்சானாகவே கிடக்கும். தானிய வயலில் 45 நாள் வரை களையைக் கவனிக்க வேண்டும் என்றால், நெருக்கி விதைத்த தீவன வயலில் இரண்டாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரம் வரை காத்தால் பெரும்பாலும் போதும். இது தீவனக்காரருக்குக் கிடைக்கும் சலுகை.

சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. தானிய வயலில் கதிரை ஒடித்துக்கொண்டு போகிறோம். களை வயலிலேயே நின்றுவிடுகிறது. தீவன வயலில் அடியோடு அறுத்து, தட்டும் தோகையும் களையுமாகச் சேர்த்துத்தான் மாட்டுக்குப் போடுகிறோம். களையில் நஞ்சிருந்தால் அது தொட்டிக்கு வரும். தெளித்த மருந்தின் மிச்சம் இருந்தாலும் அதே வழிதான். பசுந்தீவனத்துக்காக அறுப்பதோ கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், சுமார் 60 நாளில். மருந்து சிதைந்து மறைய அந்தப் பயிர் தரும் அவகாசம் தானியப் பயிர் தருவதில் பாதியளவுதான்.

எதிரில் நிற்பது யார்?

எல்லாக் களையையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிப் பணம் வீணாகிறது. தமிழ்நாட்டு இறவை வயல்களில் மக்காச்சோளத்தோடு வருபவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். குதிரைவாலிப்புல், காக்காய்க்கால் புல், அருகு போன்ற புல்லினங்கள் ஒரு கூட்டம். சாரணை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, கானாவாழை, பார்த்தீனியம் போன்ற அகன்ற இலைக் களைகள் இன்னொன்று. மூன்றாவது கோரை. கூட்டத்தில் ஒரே ஆள்தான், ஆனால் மற்ற இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால் வரும் தலைவலியை இது ஒன்றே தரும்.

சாரணை வேகக்காரன். முளைத்து ஒரு மாதத்துக்குள் பூத்து விதை உதிர்த்துவிடும். இருபத்தைந்தாம் நாளில் அதைக் கொத்தி வரப்பில் போடும்போது, அடுத்த பருவத்துக்கான விதை வயலில் விழத் தொடங்கியிருக்கலாம். அதனால் சாரணை மிகுந்த வயலில் முதல் களை பதினைந்து, பதினெட்டு நாளைத் தாண்டக் கூடாது.

கோரையின் பலம் மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்குகள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலி அறுபடாதவரை நுனிக் கிழங்கு மற்றவற்றை உறக்கத்தில் வைத்திருக்கும். ரோட்டவேட்டரோ பவர் வீடரோ ஓட்டிச் சங்கிலியைத் துண்டாக்கினால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியாகத் துளிர்க்கும். கோரை வயலில் சுழல் கலப்பை ஓட்டிவிட்டு, "போன முறையைவிட இப்போது கூடுதலாக இருக்கிறதே" என்று வியப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். கோரைக்கு ஆகாதவை இரண்டு: காய்ச்சலும் நிழலும். சித்திரை வெயிலில் ஆழ உழுது கிழங்கை மேலே புரட்டிப் போட்டால் பல காய்ந்து சாகும். அதற்கு மேல் நெருக்கமான மக்காச்சோளத்தின் நிழலும் விழுந்தால் எஞ்சியவை சோர்ந்துவிடும். தீவன மக்காச்சோளத்தையே கோரைக்கு மருந்தாகப் பயன்படுத்தலாம் என்பது என் கட்சி.

விதைக்கு முன்னே ஒரு தண்ணீர்

செலவு குறைவானதும் குறைவாகச் செய்யப்படுவதுமான முறை இதுதான். நிலத்தை விதைப்புக்குத் தயார் செய்து, பாத்தி கட்டி, விதைக்காமல் ஒரு தண்ணீர் கட்டவேண்டும். பத்துப் பதினான்கு நாளில் மேல்மண்ணில் கிடந்த களை விதைகளில் நல்ல பங்கு முளைத்துவிடும். அவற்றை மேலோட்டமாகக் கொத்தியோ இலேசாகக் கலப்பை ஓட்டியோ அழித்துவிட்டு மக்காச்சோளத்தை ஊன்றலாம். இந்த இரண்டாவது உழவு ஆழமாகப் போகக் கூடாது. போனால் கீழே உறங்கும் விதைகள் மேலே வந்து கதை முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டு வாரம் நிலம் சும்மா கிடக்கும் என்பதே இதன் குறை. கிணற்றில் தண்ணீர் பற்றாத ஊரில் கூடுதல் தண்ணீர் என்பதும் குறைதான். ஆண்டு முழுவதும் பசுந்தீவனம் வேண்டியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சுழற்சியாக விதைப்பார்கள். அவர்களுக்கு ஒரு துண்டு பதினான்கு நாள் காத்திருப்பது பெரிய இழப்பில்லை. ஒரே துண்டை நம்பியிருப்பவருக்கு இது வசதிப்படாது.

களை விதை வயலுக்குள் வரும் வாசலையும் பார்க்கவேண்டும். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து வயல்தான் பெரும்பாலும் தீவன வயல். சாணமும் கழுவு நீரும் நேரே அங்கேதான் போகும். மாடு தின்ற களையில் விதை முற்றியிருந்தால், கடினத் தோல் உள்ள பல விதைகள் இரைப்பையைத் தாண்டி உயிரோடு வெளியே வரும். நன்கு மட்கும் குப்பையில் எழும் சூடு அவற்றைக் கொல்லும். பச்சைச் சாணத்தில் அந்தச் சூடு இல்லை. பச்சைச் சாணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது, களையை நாமே விதைப்பது.

கைக்களை: செலவா, தீவனமா?

ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று கைக்களையை எல்லோரும் ஒதுக்கிப் பேசுகிறார்கள். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று விதைப்பவருக்கு அது நியாயமான பேச்சு. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்துக்கொண்டு கால் ஏக்கரில் தீவனம் போடுபவருக்குக் கணக்கு வேறு. கொத்தி எடுத்த புல்லும் தொய்யக்கீரையும் கானாவாழையும் அன்றைய மாட்டுத்தீனியில் ஒரு பங்கு. வேலை செய்த இரண்டு மணி நேரத்துக்குக் கையில் ஒரு கட்டுப் பசும்புல் கிடைக்கிறது. மருந்து தெளித்த வயலில் இந்த வரவு இல்லை. தெளித்த களையைப் பிடுங்கி மாட்டுக்குப் போடவே கூடாது.

பிடுங்கியதையெல்லாம் அப்படியே அள்ளிப் போடுவதும் சரியல்ல. குப்பைக்கீரை வகைகள் மாட்டுக்கு நஞ்சாகக்கூடிய நைட்ரேட்டைச் சேர்த்துவைக்கும். யூரியா போட்ட கையோடு வறட்சியும் வந்தால் கூடுதலாகவே சேர்க்கும். சாரணையில் ஆக்சலேட் என்ற கெடுதலான உப்பு உண்டு. இவை கலந்த கட்டை வைக்கோலோடும் மற்றப் புல்லோடும் கொஞ்சமாகக் கொடுக்கலாம், அதையே வயிறு நிறையக் கொடுக்கக் கூடாது. பார்த்தீனியத்தைத் தின்ற மாட்டின் பால் கசக்கும். அதைத் தொடுபவர் கையிலும் அரிப்பு வரும். ஊமத்தை வரப்புக்குக்கூட வேண்டாம்.

கைக்களையின் இன்னொரு பலம், வரிசைக்குள் செடியோடு ஒட்டி நிற்கும் களையையும் அது எடுக்கும் என்பது. வரிசைகளுக்கு நடுவே ஓடும் கருவியால் அது முடியாது. எனவே கருவியோ மருந்தோ முதன்மையாக வைத்திருப்பவருக்கும் ஒரு சுற்றுக் கைக்களை தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

கருவிக்கு வழி விடவேண்டும்

பவர் வீடர் வாங்குவதற்கு முன் அதன் சுழலும் கத்தி எத்தனை அகலம் என்று அளந்து பார்க்கவேண்டும். அந்த அகலத்தோடு இரு பக்கமும் ஐந்தாறு விரல் இடம் விட்டுக் கணக்குப் போட்டால் வரிசை இடைவெளி 60 சென்டிமீட்டருக்கு அருகில் வந்து நிற்கும். அப்படி விதைத்தால் பயிரின் நெருக்கம் குறையும், நிழல் தாமதமாக விழும், களைக்குக் கூடுதல் நாள் கிடைக்கும். கருவிக்காக இடைவெளியைக் கூட்டினால் கருவி கட்டாயமாகிவிடுகிறது.

இதற்கு நடுவழி, இரட்டை வரிசை. இரண்டு வரிசையை 30 சென்டிமீட்டரில் நெருக்கிப் போட்டு, அடுத்த ஜோடிக்கு முன் 60 சென்டிமீட்டர் விடுவது. அகன்ற வழியில் கருவி ஓடும். நெருங்கிய வரிசைகள் தமக்கிடையே சீக்கிரம் நிழல் கட்டிக்கொள்ளும். ஊறுகாய்ப்புல்லுக்காக, அதாவது பச்சையாகக் குழியில் அடைத்துப் புளிக்கவைக்கும் சைலேஜுக்காக, ஏக்கர் கணக்கில் விதைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்கவேண்டும்.

முப்பது சென்டிமீட்டர் வரிசையிலேயே ஓடக்கூடிய எளிய கருவி, தள்ளுகிற சக்கரக் களைக்கொத்தி. குனியாமல் நின்றபடி வேலை செய்யலாம், எரிபொருள் வேண்டாம், விலையும் எட்டும். பயிர் முழங்காலுக்குக் கீழ் இருக்கும்போது மட்டுமே அது ஓடும். களை நான்கு இலைக்கு மேல் போய்விட்டால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பெரிய கருவியோ சிறியதோ, ஓட்டும்போது மண்ணின் பதம் பார்க்கவேண்டும். சேறாக இருக்கும்போது ஓட்டினால் மண் கட்டியாகும், அறுந்த கானாவாழைத் தண்டு ஒவ்வொன்றும் கணுவில் வேர் விட்டுப் பிழைத்துக்கொள்ளும். மேல்மண் காய்ந்து, வெயில் அடிக்கும் முற்பகலில் ஓட்டினால் அறுந்த களை மாலைக்குள் வாடிவிடும். முப்பது நாளுக்குப் பிறகு வரிசையை ஒட்டி ஆழமாக ஓட்டினால் பயிரின் வேரும் அறுபடும்.

களைக்கொல்லி: எது, எப்போது, எவ்வளவு

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் ஏன் ஒத்துப்போகிறது என்று தெரிந்துகொண்டால் அதன் வரம்பும் புரியும். இந்த மருந்து செடி சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் வேலையைத் தடுக்கிறது. மக்காச்சோளத்திடம் அதை வேகமாகச் சிதைத்துச் செயலற்றதாக்கும் நொதிகள் இருக்கின்றன. சாரணையிடம் இல்லை. தட்டைப்பயறிடமும் இல்லை. ஊடுபயிராகப் பயறு விதைத்தால் அட்ரசின் கூடாது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வதன் காரணம் இதுதான். அந்த நிலையில் மக்காச்சோளத்தையும் பயறையும் பெரிதாகத் தொடாத பெண்டிமெத்தலின் என்ற மருந்தின் பக்கம் போகவேண்டும்.

தானிய மக்காச்சோளத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, 50 சதவீத அட்ரசின் தூளை ஹெக்டேருக்கு 500 கிராம் வீதம் 900 லிட்டர் தண்ணீரில் கலந்து விதைத்த மூன்றாம் நாள் தெளிப்பது. ஏக்கருக்கு அது 200 கிராம் மருந்தும் 360 லிட்டர் தண்ணீரும் ஆகிறது. இது களை முளைக்கும் முன் மண்ணில் படியவேண்டிய மருந்து. மண்ணில் ஈரம் இல்லையென்றால் வேலை செய்யாது. தெளித்தபின் மண்ணைக் கிளறினால் படிந்த படலம் கிழிந்து, கிழிந்த இடத்தில் களை எழும்பும். தெளிப்பவர் பின்னோக்கி நடக்கவேண்டும் என்பதும் அதனால்தான். பூச்சிமருந்துக்கான கூம்பு முனையை வைத்தே பலர் இதையும் தெளிக்கிறார்கள். தட்டையாக விசிறும் முனை இருந்தால்தான் மண் சீராக நனையும். கோரைக்கும் வேரூன்றிய அருகுக்கும் அட்ரசின் பயன்படாது. அந்தக் களைகள் உள்ள வயலில் இதைத் தெளித்தால் மற்றக் களைகள் அழிந்து, போட்டி இல்லாமல் கோரைக்குப் பட்டா எழுதிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

முளைத்தபின் தெளிப்பவற்றில் டெம்போட்ரையோன், டோப்ரமசோன் இரண்டும் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. களையின் பச்சையத்தைக் காக்கும் நிறமிகள் உருவாகாமல் இவை தடுப்பதால், களையின் குருத்து சில நாளில் வெள்ளையாக வெளுத்து நிற்கும். களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது, அதாவது பதினைந்து இருபது நாளில், தெளிக்கவேண்டும். பூத்து நிற்கும் சாரணை மீது தெளித்துவிட்டு மருந்து போலி என்று சண்டைக்குப் போவதில் நியாயம் இல்லை. கோரைக்கென்று ஹாலோசல்பூரான் மீத்தைல் இருக்கிறது. 2,4-டி அகன்ற இலைக் களைகளை நன்றாகக் கொல்லும். பக்கத்து வயலில் பருத்தியோ தக்காளியோ இருந்தால் நான் அதை எடுக்கவே மாட்டேன். காற்றில் மிதந்து போகும் துளிகூடப் பருத்தி இலையைச் சுருட்டிவிடும். நிற்கும் மக்காச்சோளத்தில் கிளைபோசேட் தெளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் வெளிநாட்டுக் காணொலி எதையோ பார்த்திருக்கிறார். அங்கே அதைத் தாங்கும் மரபணு மாற்ற ரகங்கள் உண்டு. இந்தியாவில் அப்படிப்பட்ட மக்காச்சோளம் பயிரிட அனுமதி இல்லை. நம் பயிரில் பட்டால் பயிரே கருகும்.

தீவனத்துக்கே உரிய கேள்வி இனிமேல்தான் வருகிறது. தெளித்த எத்தனை நாள் கழித்து மாட்டுக்குக் கொடுக்கலாம்? அமெரிக்காவில் அட்ரசின் லேபிள்களில் பசுந்தீவன மக்காச்சோளத்துக்கென்று தனியாக எழுதியிருக்கிறது: முளைக்கும் முன் தெளித்தால் 60 நாள், முளைத்தபின் தெளித்தால் 45 நாள். நம் தீவனப் பயிரின் மொத்த வயதே 60 நாள்தான். மூன்றாம் நாள் தெளித்துவிட்டு, தீனி இல்லையென்று ஐம்பதாம் நாளிலேயே அறுக்கத் தொடங்கினால் அந்தக் காத்திருப்பு நாள் நிறைவடைந்திருக்காது. நெருங்கி முளைத்த செடிகளைப் பிடுங்கிக் கலைத்து, கலைத்த இளஞ்செடியை மாட்டுக்குப் போடும் வழக்கமும் மருந்து தெளித்த வயலில் நின்றுபோகவேண்டும். கடையில் வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் தானிய அறுவடைக்கா, பசுந்தீவனத்துக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

மண்ணில் தங்கும் மிச்சமும் உண்டு. காரத்தன்மை மிகுந்த மண்ணில் அட்ரசின் மெதுவாகத்தான் சிதையும். அறுபது நாளில் மக்காச்சோளத்தை அறுத்துவிட்டு உடனே உளுந்தோ பூசணியோ விதைத்தால் முளைப்பிலேயே அடி விழலாம். மணற்பாங்கான நிலத்தில் அது கீழிறங்கி நிலத்தடி நீரைச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2004ஆம் ஆண்டு அட்ரசினுக்கு அனுமதி மறுத்ததற்கு இந்த நிலத்தடி நீர்ப் பிரச்சினையே காரணம். இந்திய அரசு 2020ஆம் ஆண்டு மே மாதம் தடை செய்ய உத்தேசித்து வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலிலும் அட்ரசின், பெண்டிமெத்தலின், 2,4-டி மூன்றும் இருந்தன.

பயிரே களையை அடக்கட்டும்

மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தீவனத் தட்டைப்பயறு என்பது பழகிய பரிந்துரை. பயறு படர்ந்து தரையை மூடுகிறது. சாரணை பிடிக்கவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து அறுத்தால் தீவனத்தில் புரதமும் கூடும். களைக்காக மட்டும் என்றால் இதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் பயறு படர்வதற்கு முன் முதல் மூன்று வாரம் ஒரு கைக்களை எப்படியும் தேவை. மருந்து வாசலும் பாதி அடைபடும். புரதத்துக்கான தீவனச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் இதன் லாபம் தெரியும். வைக்கோல் மூடாக்குப் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். மாட்டுக்கே வைக்கோல் பற்றாத வீட்டில் அதைத் தரையில் பரப்பச் சொன்னால் யார் கேட்பார்கள்?

அப்படியானால் எதைத் தேர்வது?

கால் ஏக்கர், அரை ஏக்கர் தீவன நிலமும் வீட்டில் இரண்டு பேர் உழைப்பும் இருந்தால் மருந்தே வேண்டாம். விதைக்கு முன் ஒரு தண்ணீர், 30 சென்டிமீட்டர் வரிசை, தட்டைப்பயறு, பதினைந்தாம் நாளில் சக்கரக் கொத்தி, இருபத்தைந்தாம் நாளில் வரிசைக்குள் ஒரு கைக்களை. மருந்துச் செலவு மிச்சமாவதோடு பிடுங்கிய புல்லும் தீனியாகும்.

சைலேஜுக்காக ஐந்து ஏக்கர் போடுபவருக்கு இந்த ஆலோசனை உதவாது. அவருக்கு இரட்டை வரிசை, விதைத்த மூன்றாம் நாள் முளைக்கும் முன் தெளிக்கும் மருந்து, இருபத்தைந்து நாளையொட்டி அகன்ற வழியில் பவர் வீடர். சைலேஜ் பயிரைப் பசுந்தீவனத்தைவிடக் கூடுதல் நாள் வயலில் விட்டு அறுப்பதால் காத்திருப்பு நாள் பிரச்சினையும் குறைகிறது. அடுத்த பயிர் பயறோ காய்கறியோ என்றால் அட்ரசினைத் தவிர்த்து வேறு மருந்தைத் தேர்வது நல்லது.

கோரை வயல் என்றால் அளவு எதுவாக இருந்தாலும் முதல் வேலை கோடை உழவு. சுழல் கருவி வேண்டாம். விதையை நெருக்கமாகப் போட்டு, அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அதே துண்டில் தீவன மக்காச்சோளத்தையே வளர்த்துப் பார்க்கவேண்டும்.

எந்த வழியில் போனாலும், அறுவடைக்கு இரண்டு நாள் முன்பு வயலை ஒரு சுற்று நடந்து பார்ப்பது கட்டாயம். முழுத் தட்டாகப் போட்டால் மாடு முகர்ந்து பார்த்து வேண்டாத செடியை ஒதுக்கும். தட்டு வெட்டும் எந்திரத்தில் அரைபட்டு வந்தாலோ சைலேஜ் குழியில் ஊறினாலோ அந்தத் தேர்வு மாட்டுக்கு இல்லை. ஊமத்தையும் பார்த்தீனியமும் கண்ணில் பட்டால் கையுறை போட்டு வேரோடு பிடுங்கவேண்டும். பூத்தது, காய்த்தது எதுவும் குப்பைக் குழிக்குப் போகக் கூடாது. காயவைத்துத் தனியே எரித்துவிடலாம்.